ட்ரம்ஹெல்லரா, டைனோசர் மாகாணப் பூங்காவா? பிள்ளையோடு ஆல்பர்ட்டா பேட்லேண்ட்ஸுக்குக் கிளம்புமுன்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகரிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ட்ரம்ஹெல்லர். கிழக்கே இரண்டரை மணி நேரம் ஓட்டி, புரூக்ஸைத் தாண்டினால் டைனோசர் மாகாணப் பூங்கா. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: சாம்பலும் காவியும் வரிவரியாக ஓடும் மண்மேடுகள், மழை அறுத்த ஓடைகள். டைனோசர் எலும்பு கிடைக்கும் இந்த நிலத்தைத்தான் பேட்லேண்ட்ஸ் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே இன்னும் இரண்டு மணி நேரப் பயணம். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், பிள்ளை ஆறு மணி நேரம் பின்சீட்டில் கிடந்ததுதான் மிச்சம். ஒரு நாள்தான் லீவு என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பிள்ளைக்கு ஆறேழு வயதுக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ட்ரம்ஹெல்லர். ஊரிலிருந்து 6 கி.மீ. தொலைவில் ராயல் டிரெல் அருங்காட்சியகம் இருக்கிறது, 1985-இல் திறந்தது. 1884-இல் நிலக்கரி தேடி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த ஜோசப் டிரெல், ஒரு மண்டையோட்டோடு திரும்பினார். அந்த டைனோசர்தான் பின்னால் ஆல்பர்ட்டோசாரஸ் என்று பெயர் பெற்றது. உள்ளே முழு எலும்புக்கூடுகள், வெயில் இல்லை, கழிப்பறை பக்கத்திலேயே. சின்னப் பிள்ளைக்குப் பொறுமை இரண்டு மணி நேரம்தான் தாங்கும். ஆகவே முக்கியமானதை முதலில் பார்த்துவிட வேண்டும். நம் தேர்வு போரியலோபெல்டா. 2011-இல் ஃபோர்ட் மெக்மரி பக்கம் எண்ணெய் மணல் சுரங்கத்தில் கிடைத்த, கவசம் போர்த்த டைனோசர். தோலும் செதிலும் அப்படியே கல்லாகிப்போனதால், எலும்புக்கூடாக இல்லாமல் படுத்துக்கிடக்கும் மிருகமாகவே தெரியும். அடுத்து 'பிளாக் பியூட்டி' டி-ரெக்ஸ். மாங்கனீசு ஊறி எலும்பே கறுத்துவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுவது நல்லது.

கால்கரியிலிருந்து வரும் வழியில், ஊருக்கு 17 கி.மீ. முன்னால், 9-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி ஹார்ஸ்ஷூ கேன்யன். சமவெளியில் போய்க்கொண்டிருக்கும்போதே தரை திடீரென்று பிளந்து கீழே இறங்கும். ஊருக்குள் நிற்கும் 26 மீட்டர் டி-ரெக்ஸ் பொம்மைக்குள் ஏற 106 படி. நிஜ அளவுக்கு நான்கு மடங்கு பெரிசு. அறிவியல் ஒன்றும் இல்லை, ஆனால் பிள்ளை விடாது. அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். ஊருக்குத் தென்கிழக்கே 16 கி.மீ.யில் இருக்கும் ஹூடூ தூண்கள் (தலையில் கல் தொப்பியோடு நிற்கும், மழையும் காற்றும் அரித்த தூண்கள்) படத்தில் தெரிவதைவிடச் சின்ன இடம், இருபது நிமிடம் போதும்.

ட்ரம்ஹெல்லரின் குறை ஒன்றே ஒன்று. எலும்பு மண்ணுக்குள் எப்படிக் கிடக்கும் என்பதை அங்கே பிள்ளை நேரில் பார்ப்பது அரிது. எட்டு, பத்து வயதில் "இதை எங்கே தோண்டினார்கள்?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் பூங்காவில் இருக்கிறது. 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பாறை ஏறக்குறைய 7.5 கோடி ஆண்டுப் பழசு; ட்ரம்ஹெல்லர் பாறையைவிடப் பெரும்பாலும் மூத்தது. அதனால்தான் இங்கே கிடைப்பது ஆல்பர்ட்டோசாரஸ் இல்லை, அதன் உறவுக்கார கோர்கோசாரஸ்.

பூங்காவில் பலரும் செய்யும் தப்பு, முன்பதிவு இல்லாமல் போய் இறங்குவது. நாமாகச் சுற்ற முடிவது 3 கி.மீ. வட்டச் சாலை, ஐந்து நடைபாதைகள், கிடந்த இடத்திலேயே எலும்பை விட்டுச் சுற்றிக் கூடம் கட்டிய இரண்டு காட்சியிடங்கள் மட்டும்தான். எலும்பு நிறைந்த பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட வளாகம். வழிகாட்டியோடு மட்டுமே நுழைய முடியும். அந்த வழிகாட்டிச் சுற்றுகளில் இடம் கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும். சில நடைப்பயணங்களுக்கு வயது வரம்பு உண்டு, பணம் கட்டுமுன் பாருங்கள். சின்னவர்களுக்கு பேருந்துச் சுற்று, நடக்கத் தெம்பிருப்பவர்களுக்கு, கொம்பு டைனோசரான சென்ட்ரோசாரஸின் எலும்புகள் குவிந்து கிடக்கும் எலும்புப் படுகை.

எலும்பா கல்லா என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வழி: உடைந்த முனையைப் பாருங்கள். எலும்பில் தேன்கூடு மாதிரி நுண்துளைகள் தெரியும். காவி நிற இரும்புக்கல் அச்சு அசலாக எலும்புத் துண்டுபோலக் கிடந்து ஏமாற்றும். உடைந்த இடத்தில் துளையே இருக்காது. ஈரவிரலால் தொட்டால் எலும்பு கொஞ்சம் ஒட்டும். பார்த்தபின் அங்கேயே விட்டுவிட வேண்டும். பூங்காவில் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக்கூடாது. ஆல்பர்ட்டாவில் வேறு இடங்களில், நில உரிமையாளர் அனுமதித்தால் மேலே கிடப்பதைப் பொறுக்கலாம். ஆனாலும் அது மாகாணத்தின் சொத்து. தோண்டுவதற்கும் மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோவதற்கும் அரசு அனுமதி வேண்டும். காரில் ஏறுமுன் பிள்ளையின் பாக்கெட்டை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இரண்டு இடத்திலும் உண்மையான ஆபத்து மழைதான். மண்ணில் பென்டோனைட் களிமண் கலந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது மேற்பரப்பு பொரி கொட்டியதுபோல வெடித்து, காலடியில் நொறுநொறுக்கும். நனைந்தால் உப்பி, சோப்புபோல வழுக்கும். நாலடி வைப்பதற்குள் ஷூ அடியில் இரண்டு அங்குலச் சேறு. மழை பெய்தால் சரிவில் ஏறவே வேண்டாம், வெயில் வந்து மண் காயட்டும். மாற்று ஷூ ஒரு ஜோடி, சேற்று ஷூவைப் போட ஒரு பை, சுரண்ட ஒரு பழைய கரண்டி டிக்கியில் இருக்கட்டும். பூங்காவில் முள்சப்பாத்தியும் ராட்டில்பாம்பும் உண்டு. மூடிய ஷூ கட்டாயம், கை நுழையும் இடுக்கை முதலில் கண்ணால் பார்க்கப் பழக்குங்கள். தண்ணீர் பெரியவருக்கு இரண்டு லிட்டர், பிள்ளைக்கு ஒன்று. நிழல் கிடையாது. பெட்ரோல் புரூக்ஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேப்பைப் போனில் இறக்கிவையுங்கள்; பள்ளத்தாக்குக்குள் சிக்னலை நம்ப முடியாது.

இரண்டு நாள் கிடைத்தால் அருங்காட்சியகம் முதலில், பூங்கா மறுநாள். முழு எலும்புக்கூட்டைப் பார்த்த கண்ணுக்குத்தான் மண்ணில் துருத்தும் ஒரு துண்டு தொடையா விலாவா என்று பிடிபடும். மறுநாள் விடிகாலையிலேயே ட்ரம்ஹெல்லரை விட்டுக் கிளம்பினால், வெயில் ஏறுமுன் நடைபாதையில் இருக்கலாம்.