மின்சாரக் காரும் வீட்டு மீட்டரும்: 46,000 கி.மீ. கணக்கு

மின்சாரக் காருக்கு மாறி மூன்று ஆண்டு தாண்டிவிட்டது. 2022 தொடக்கத்தில் வாங்கியது; கோவைக்குள் அலுவலகமும் வீடுமாக மாதம் 1,200 கி.மீ. வரை ஓடுகிறது. "கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது?" என்று கேட்காத உறவினர் இல்லை. காரை விற்றவர் ஒரு ரூபாய் என்றார். எனக்கு ஒன்றரை ஆகிறது.

அந்த அரை ரூபாயை விழுங்குவது கார் அல்ல, வீட்டு மீட்டர். காரில்லாமல் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் போதும். 1,300 ரூபாயில் முடிந்துவிடும். கார் 380 யூனிட் குடிக்கிறது. மொத்தம் 800. 500-ஐத் தாண்டியதுமே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் மலிவு விலை பறிபோகிறது. அதற்கு மேல் படிக்குப் படி ஏற்றம். நான் கார் வாங்கியபோது 500-க்கு மேல் எத்தனை யூனிட் ஆனாலும் 6.60 ரூபாய்தான். அந்த செப்டம்பரிலேயே கட்டணம் உயர்ந்தது. 2024 ஜூலை முதல் 601-லிருந்து 800 வரை யூனிட் 9.65. இப்போது வருகிற பில் 4,870 ரூபாய்.

இருந்தும் புலம்ப மனம் வரவில்லை. பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தது. இதே இரண்டு மாத 2,400 கி.மீ.க்கு 16,000 ரூபாய் பங்க்கில் கொட்டியிருப்பேன். எண்ணெய் மாற்றுவது, கிளட்ச் தேய்வது என்ற செலவுகளும் இல்லை.

முழு சார்ஜில் 300 கி.மீ.க்கு மேல் போகும் என்றார்கள். புதிதாக இருந்தபோதே எனக்கு 205 தான் கிடைத்தது, இன்று 195. நகரத்துக்கு அது தாராளம். மலைதான் வேறு கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினால் 33 கி.மீ.க்குள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். இறங்கும்போது பிரேக்கில் கால் வைக்காமலே கார் தன்னை இழுத்துப் பிடித்து எட்டு, ஒன்பது சதவீதம் திருப்பித் தரும். ஒருமுறை கோத்தகிரியில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? அந்த இழுப்பு வேலை செய்யவில்லை; கீழே வரும்வரை பிரேக்கை மிதித்தே வந்தேன்.

பெரிய பேட்டரி ஒருநாளும் காலை வாரியதில்லை. வாரியது சின்னது. விளக்கு, பூட்டு, கணினி எல்லாவற்றுக்கும் சாதாரண கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரிதான் உயிர். போன மார்கழியில் ஒரு காலை, முந்தின இரவு 90 சதவீதம் ஏற்றி வைத்திருந்த கார் ரிமோட்டுக்குக் கதவுகூடத் திறக்கவில்லை. எதிர் வீட்டு மாமா தன் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்து ஒயர் மாட்டி எழுப்பிவிட்டார். "எதிர்காலத்தையே நான்தான் தள்ளிவிட வேண்டியிருக்கிறது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மூன்று ஆண்டானதும் அந்தப் பேட்டரியை மாற்றிவிடுங்கள். பயண வேகம் சொல்லும் திரையெல்லாம் அது சாகப்போவதைச் சொல்லாது.

நெடுஞ்சாலை சார்ஜர்களைப் பற்றி ஒரே வரி: இரண்டில் ஒன்று வேலை செய்யும் என்று நம்பிப் போங்கள், அடுத்ததற்குப் போகும் அளவு சார்ஜ் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை அடக்க இப்போது மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட விண்ணப்பித்திருக்கிறேன். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். அம்மாவுக்குத்தான் சம்மதமில்லை. வடாம் எங்கே காயப்போடுவது என்று கேட்கிறார்.