நெட்டி முறித்ததும் துண்டு முறுக்கியதும்: கழுத்து, முழங்கை வலியோடு இரண்டரை வருஷம்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். கோவையில் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். தை, ஆவணி முகூர்த்தங்கள் வந்துவிட்டால் பன்னிரண்டு மணி நேரம் வலது கை மவுஸை விட்டு இறங்காது. 2023 தை சீசன் முடிந்த சமயத்தில் ஒருநாள் காலையில் காபி டம்ளரைத் தூக்கியபோது முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் சுரீரென்று ஒரு குத்து. அப்புறம் பால் பாக்கெட்டைத் தூக்க முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை, பூட்டில் சாவியைத் திருப்பினாலே உயிர் போனது. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கழுத்து இறுகிக் கிடந்தது, ராத்திரியில் வலது கட்டை விரல் மரத்துப் போகும். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எலும்பு டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவில் ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. தெருவில் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் புத்தூர் போய்க் கட்டுப் போட்டு வரச் சொன்னார். டாக்டர் மட்டும் பதறவில்லை. நாற்பதைத் தாண்டிய பலருக்கு வலியே இல்லாமல் எம்ஆர்ஐயில் இப்படித் தெரியும், படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்றார். முழங்கைக்கு அவர் சொன்ன பெயர் டென்னிஸ் எல்போ. நான் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார் முழங்கை எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்துபோவதுதான் அது, மவுஸ் பிடிப்பவர்களுக்கும் வரும், சித்தாள் வேலை பார்ப்பவர்களுக்கும் வரும்.

முதலில் போன பிசியோவில் இரண்டு வாரம் படுக்க வைத்துக் கரண்ட் வைத்தார்கள். சுகமாகத் தூக்கம் வந்தது, அவ்வளவுதான். ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை.

அடுத்து ஒரு நண்பர் சொல்லி, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் திருப்பி நெட்டி எடுக்கும் கைரோபிராக்டிக் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். எம்ஆர்ஐயைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்றே நிமிடத்தில் கழுத்தை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு, படபடவென்று நெட்டி. அந்தக் காலத்தில் சலூனில் முடி வெட்டி முடித்ததும் கொடுக்கும் திருப்பை விட வேகம். இரண்டு நாள் தலையே இல்லாதது போல் லேசாக இருந்தது, மூன்றாம் நாள் வலி வந்து உட்கார்ந்துவிட்டது. இருபத்து நான்கு சிட்டிங் பேக்கேஜ் எடுத்தால் சுகரும் இறங்கும் என்றார்கள். இந்த முறையை 1895-இல் அமெரிக்காவில் தொடங்கிய டி.டி. பாமர், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்கு விலகிய முதுகெலும்புதான் காரணம் என்று சொன்னவர். அந்த வாசனை சில இடங்களில் இன்னும் போகவில்லை. முன்பணம் ஐயாயிரம் போனால் போகட்டும் என்று வெளியே வந்துவிட்டேன்.

நான் நல்லபடியாகச் சொல்ல வருவது இதற்கு அடுத்துப் பார்த்த கைரோபிராக்டரைப் பற்றி. அவர் கை வைப்பதற்கு முன் நாற்பது நிமிடம் கேள்விதான் கேட்டார். தலை சுற்றுகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, பிரஷர் எவ்வளவு, கையிலிருந்து பொருள் நழுவுகிறதா, நடையில் தள்ளாட்டம் உண்டா. தலையை வலப்பக்கம் சாய்த்து மேலிருந்து மெதுவாக அழுத்தினார், கட்டை விரல் வரை கரண்ட் அடித்தது. பிறகு கை முஷ்டியை மடக்கி மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினார், முழங்கையில் அதே பழைய குத்து. ஒரு வலி இல்லை, இரண்டு இருக்கிறது, கழுத்து நரம்பு உரசுவது ஒன்று, தசைநார் கெட்டது இன்னொன்று என்றார்.

கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்க அவர் மறுத்துவிட்டார். கை மரத்துப் போகும் நிலையில் அது வேண்டாம், அதோடு வேகமாகத் திருப்பும்போது மிக அபூர்வமாகக் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரைக்கும் போனதுண்டு என்று அவரே சொன்னார். முதல் இடத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. இவர் நடு முதுகில் மட்டும் நெட்டி எடுத்தார், கழுத்தைப் பக்கவாட்டில் மெல்ல மெல்ல நகர்த்திவிட்டார். எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தமா என்று கேட்டேன். சிரித்தார். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் சொடக்கை எம்ஆர்ஐக்குள் வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள், மூட்டுத் திரவத்தில் சட்டென்று ஒரு குமிழி உண்டாகும் நேரத்து சத்தம் அது, எதுவும் இடம் மாறுவதில்லை. என்னால் வலியைக் கொஞ்ச நேரம் அடக்க முடியும், தசைநாரைத் தேற்றுவது பயிற்சிதான் என்று சொல்லி, ஒரு பிசியோ அம்மாவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்த அம்மா முதல் நாளே, "கரண்ட் எல்லாம் வேண்டாங்க, ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க" என்றார். முதல் மூன்று வாரம் மணிக்கட்டை அசைக்காமல் மேசைக்கு எதிராக அழுத்திப் பிடிப்பது, முக்கால் நிமிடம், ஐந்து தடவை. பிறகு ஒரு கிலோ டம்பெல்லை இடது கையால் தூக்கிவிட்டு வலது கையால் மெதுவாக இறக்குவது, சுருட்டிய துண்டை முறுக்கி மெதுவாக விடுவது. கழுத்துக்கு மோவாயை உள்ளே இழுப்பதும் ரப்பர் பட்டையை இழுப்பதும். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலித்தால் செய்யலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. சலிப்பு பிடித்த வேலை. பொய் சொல்லவில்லை, வாரத்துக்கு இரண்டு நாள் ஏமாற்றியிருக்கிறேன்.

செவ்வாய் கைரோ, புதன் பிசியோ. இந்த வரிசையில்தான் விஷயமே இருந்தது என்று நினைக்கிறேன். செவ்வாய் போய் வந்தால் ஒன்றரை நாள் கழுத்து நன்றாகத் திரும்பும், முழங்கையில் குத்து குறையும். அந்த அவகாசத்தில்தான் பயிற்சியின் எடையை ஏற்ற முடிந்தது. முதல் வாரம் வலியில்லாமல் நான் அழுத்தியது பிடி அளக்கும் கருவியில் 11 கிலோ, இடது கை 34. மூன்று மாதத்தில் விரல் மரப்பு நின்றது. முழங்கை லேசில் மசியவில்லை. அந்த வருஷ ஆவணி சீசனில் பயிற்சியை நிறுத்தினேன், 24 வரை ஏறியிருந்தது 16-க்கு இறங்கிவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று ஆடிப்போய்க் கேட்டேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் அருமையாக இருக்கும், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களை விட நிலைமை மோசமாக இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள் என்றார் பிசியோ. விட்டுவிட்டேன். 30-ஐத் தொட ஒன்பது மாதம் ஆனது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டென்னிஸ் எல்போ பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே தணிந்துவிடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார், அதனால் எனக்குக் குணமானதில் எவ்வளவு காலத்தின் வேலை, எவ்வளவு துண்டின் வேலை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. செலவு, கைரோவுக்கு 1,500 வீதம் பதினொரு தடவை, பிசியோவுக்கு 500 வீதம் இருபத்தெட்டு தடவை. கையில் ஒன்றுக்குத்தான் காசு இருந்தது என்றால் யோசிக்காமல் பிசியோவுக்கே போயிருப்பேன். முழங்கைப் பட்டை பைக் ஓட்டும்போது மட்டும் உதவியது. நிமிர்ந்து நிற்கும் மவுஸ் வாங்கியதும் மானிட்டரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தியதும் முன்பே செய்திருக்க வேண்டியவை.

கைரோவுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிசியோ அம்மா எடையை ஏற்றிக் கொடுக்கிறார், இப்போது மூன்று கிலோவில் நிற்கிறது. ஹெல்மெட்டோடு தலையைத் திருப்பிப் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்க முடிகிறது. கிரைண்டர் கல்லைத் தூக்கினால் மட்டும் முழங்கை இன்னும் முனகுகிறது, அதை மகன் தூக்குகிறான்.