பாங்கு ஒலித்தால் மட்டும் போதுமா? தொழுகை நேர ஆப்களும் அஸான் கடிகாரமும்

நவம்பர் கடைசியில் சென்னையில் மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) 5:40க்கே வந்துவிடும். ஜூலையில் அதுவே 6:40. மஃரிப் வந்தால் அதற்கு முந்தைய பிற்பகல் தொழுகையான அஸரின் நேரம் முடிந்தது. ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டதும் அஸர் தொழலாம் என்று ஜூலையில் பழகிக்கொண்டவருக்கு, நவம்பரில் தினமும் அஸர் களாதான், அதாவது நேரம் தவறியதுதான். தொழுகை நேர ஆப்பிடம் முதலில் பார்க்க வேண்டியது, வக்து (தொழுகைக்கான நேரம்) முடியப்போவதை அது நேரத்துக்குச் சொல்கிறதா என்பதை. தொழுகைக்கு அழைக்கும் பாங்கில் எந்த முஅத்தினின் குரல் இனிமை என்பதெல்லாம் அப்புறம்.

முஸ்லிம் ப்ரோ, பில்லர்ஸ் என்று எதைப் போட்டாலும் உள்ளே ஓடும் கணக்கு ஒன்றுதான். சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரி இறங்கினால் இரவுத் தொழுகை இஷா, எத்தனை டிகிரிக்கு ஏறி வந்தால் அதிகாலைத் தொழுகை ஃபஜ்ர் என்ற கணக்கு. அந்த டிகிரியை யார் சொன்னபடி எடுப்பது என்பதில்தான் குழப்பம். கராச்சி முறையில் இரண்டுக்கும் 18. வட அமெரிக்க இஸ்னா முறையில் 15. நம் ஊரில் இஸ்னாவைத் தேர்ந்தெடுத்தால் ஃபஜ்ர் 12, 13 நிமிடம் தள்ளிக் காட்டும். மற்ற நாளில் பெரிய சேதமில்லை. ரமலானில் அதை நம்பி ஃபஜ்ருக்கு முன் முடிக்க வேண்டிய ஸஹர் உணவைச் சாப்பிட்டால் நோன்பே கேள்விக்குறி. சவூதியின் உம்முல் குரா முறை இஷாவை மஃரிபுக்குப் பின் 90 நிமிடம், ரமலானில் 120 நிமிடம் என்று நிலையாக வைத்திருக்கிறது. சென்னையில் 18 டிகிரிக் கணக்குப்படி 70 முதல் 80 நிமிடத்துக்குள் இஷா வந்துவிடும். ஆகவே தமிழ்நாட்டில் இருப்பவர் கராச்சியை வைத்துக்கொண்டு, பள்ளியில் தொங்கும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அட்டவணையில் பேணுதலுக்காக ஒன்றிரண்டு நிமிடம் கூட்டியிருப்பார்கள். அந்த அளவை ஆப்பின் நேரத் திருத்தத்தில் போட்டால் இரண்டும் ஒத்துப்போகும். திருத்தமே செய்ய விடாத ஆப் வேண்டாம்.

அடுத்தது அஸர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் அதிகம், உள்நாட்டில் ஹனஃபிகள் அதிகம். இரண்டு மத்ஹபுக்கும் (மார்க்கச் சட்டப் பிரிவுக்கும்) அஸர் தொடங்கும் நேரம் சுமார் ஒரு மணி நேரம் வித்தியாசப்படும், ஹனஃபிக்கே பிந்தி. ஷாஃபிஈயான ஒருவர் ஆப்பை ஹனஃபியில் விட்டுவைத்தால், மதியத் தொழுகையான லுஹருக்கு இல்லாத ஒரு மணி நேரத்தை அது இருப்பதாகக் காட்டும். லஞ்ச் நேரத்தில் தொழாமல், மூன்று மணி மீட்டிங் முடியட்டும் என்று இருப்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஊரையும் சரிபாருங்கள். கோவைக்குப் போன பிறகும் ஆப்பில் சென்னையே இருந்தால் மஃரிப் 10 முதல் 17 நிமிடம் முன்னதாகக் காட்டும், பருவத்தைப் பொறுத்து. அதாவது சூரியன் இன்னும் மேலே இருக்க, இங்கே நோன்பு திறந்தாகிவிடும். போனில் விபிஎன் ஓடினால், இணைய முகவரியை வைத்து இடம் பார்க்கும் ஆப்கள் இன்னும் வினோதமான ஊரைக்கூடப் பிடிக்கும்.

'ஆப் சரியில்லை, பாங்கே சொல்வதில்லை' என்று ஒற்றை ஸ்டார் கொடுப்பவர்களில் பலருக்குப் பிரச்சினை போனில் இருக்கும். ஆண்ட்ராய்டு 14இல் புதிதாகப் போடும் பல ஆப்களுக்கு அலாரம் அனுமதி தானாகக் கிடைக்காது. செட்டிங்ஸில் நாமே போய்க் கொடுக்க வேண்டும். அதோடு பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்தும் விலக்க வேண்டும். ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் ஆட்டோ ஸ்டார்ட் என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் திறந்துவிட வேண்டும். ஐபோனில் வேறு கதை. அறிவிப்பு ஒலிக்கு 30 விநாடிதான் வரம்பு, முழு பாங்கு எதிர்பார்க்க வேண்டாம். மேலும் ஓர் ஆப் 64 அறிவிப்புகளுக்கு மேல் முன்கூட்டி வரிசையில் போட்டு வைக்க முடியாது. ஐந்து பாங்கு, ஐந்து முன்னறிவிப்பு என்று நாளுக்குப் பத்து வைத்தால் ஆறே நாளில் வரிசை தீர்ந்துவிடும். அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது ஆப்பைத் திறந்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். வக்து முடிவுக்கென்று தனி அலாரம் தரும் ஆப்கள் குறைவு. முன்னறிவிப்பு பல ஆப்களில் உண்டு, அதை வைத்தே காரியத்தைச் சாதிக்கலாம். ஷாஃபிஈ, ஹனஃபி எதுவானாலும் ஆப்பில் அஸர் தொடங்கினால் லுஹர் முடிந்தது. ஆகவே அஸருக்கு 30 நிமிடம் முன்னால் வைக்கும் அறிவிப்பு லுஹருக்கான கடைசி மணி. மஃரிபுக்கு முன் வைப்பது அஸருக்கு. சூரியன் மஞ்சளாகும்வரை அஸரைத் தள்ளுவது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்பதால் அங்கே 30 போதாது, 45 வையுங்கள். ஃபஜ்ருக்கு மட்டும் அடுத்த தொழுகையை நம்ப முடியாது, சூரிய உதயத்தோடு அது போய்விடும். உதயத்துக்கான வரியைப் பல ஆப்களில் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். ஒளுவுக்கு (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவ) மூன்று நிமிடம், நாலு ரக்அத் கொண்ட பர்ளு எனும் கட்டாயத் தொழுகைக்கு ஆறேழு நிமிடம், தொழும் இடத்துக்குப் போய்வர ஐந்து. இதுவே கால் மணி ஆகிவிடும், அவசரமில்லாமல் இருக்க அதற்கு இரட்டிப்பாக வைத்ததுதான் அரை மணி. பத்து நிமிடம் வைப்பவர்கள் லிஃப்டில் நின்று தவிப்பார்கள். லுஹருக்கும் அஸருக்கும் ஒலியை அணைத்து அதிர்வு மட்டும் வைத்தால் மீட்டிங்கில் சங்கடமில்லை.

இடத் தகவல் பற்றி ஒரு வார்த்தை. முஸ்லிம் ப்ரோ பயனாளிகளின் இருப்பிடத் தகவல் அத்தகவலை வாங்கி விற்கும் எக்ஸ் மோட் என்ற நிறுவனத்துக்குப் போவதாக 2020 நவம்பரில் செய்தி வெளியானது. அதனுடனான உறவைத் துண்டிப்பதாக முஸ்லிம் ப்ரோ அறிவித்தது. தொழுகை நேரம் கணக்கிட ஊர் தெரிந்தால் போதும், தெருமுனை தெரிய வேண்டியதில்லை. ஊர்ப் பெயரைக் கையால் கொடுத்துவிட்டு இட அனுமதியை மறுத்துவிடுங்கள்.

மேசை மேல் வைக்கும், நேரத்துக்குப் பாங்கு ஒலிக்கும் அஸான் கடிகாரம் வீட்டுப் பெரியவர்களுக்கும் கடைக்கும் நல்ல பொருள். போனைப் போல யாரும் அதை சைலன்ட்டில் போடுவதில்லை. வாங்கும்போதே கடையில் ஊரையும் கணக்கீட்டு முறையையும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகியும் பாருங்கள். பேட்டரி ஆதரவில்லாத மலிவு கடிகாரம் கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும். குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குப் பத்து இருபது விநாடி தள்ளுவது இயல்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிசெய்தால் போதும்.

ஆப்களில் கிப்லாவை, அதாவது மக்காவின் கஅபா இருக்கும் திசையைக் காட்டும் அம்பு சுமாரான வசதிதான். சென்னையில் கிப்லா நேர் மேற்கிலிருந்து வடக்காக 18 டிகிரி, காயல்பட்டினத்தில் 23 டிகிரிக்கும் சற்று அதிகம். இரும்பு மேசை, லேப்டாப், காந்தம் வைத்த போன் கவர் இவற்றில் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அம்பு எங்கேயோ போகும். போனை எட்டுப் போல் சுழற்றினால் கொஞ்சம் தெளியும். இதைவிட நம்பகமான வழி உண்டு. மே 27, 28 தேதிகளில் இந்திய நேரம் மதியம் 2:48க்கும், ஜூலை 15, 16 தேதிகளில் 2:57க்கும் சூரியன் கஅபாவின் உச்சியில் நிற்கும். அந்த நிமிடம் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் கிப்லா. ஆபீஸ் ஜன்னலோரம் வெயில் விழும் மூலையில் இதைப் பார்த்து, தரையின் ஓட்டுக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்வு என்று குறித்துக்கொண்டால், அதன்பின் அங்கே முஸல்லா (தொழுகை விரிப்பு) விரிக்கப் போனை எடுக்க வேண்டியதில்லை.