விடிவெள்ளிக்கு வாத்தியம் வேண்டாம்: ரால்ஃப் ஸ்டான்லியின் ஓர் இசைத்தட்டு

அஞ்சல் செலவோடு 74 ரிங்கிட். மூன்று வாரக் காத்திருப்பு. கடைக்காரர் மெல்லிய தாள் உறையில் போட்டு அனுப்பியதால், சுங்கை சிப்புட் வந்து சேரும்போது பெட்டியின் மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. தட்டில் கீறல் இல்லை. அதனால் திருப்பி அனுப்பவில்லை. அமெரிக்க மலைப்பகுதியின் ப்ளூகிராஸ் என்னும் நாட்டுப்புற இசையைப் பாடிய ரால்ஃப் ஸ்டான்லியின், 1971இல் ரெபல் நிறுவனம் வெளியிட்ட ‘க்ரை ஃபிரம் த கிராஸ்’ என்னும் அந்தத் தட்டு இரண்டு மாதமாக என் வேனில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை வாங்கவைத்தது இதில் இல்லாத ஒரு பாட்டு. ரால்ஃபும் அவருடைய அண்ணன் கார்ட்டரும் ஸ்டான்லி சகோதரர்களாக 1960இல் பதிவு செய்த ‘ரேங்க் ஸ்ட்ரேஞ்சர்’; எழுதியவர் ஆல்பர்ட் பிரம்லி. இளமையில் வாழ்ந்த மலையூருக்கு ஒருவன் திரும்பிப் போகிறான். எதிர்ப்படும் எவரையும் அவனுக்குத் தெரியவில்லை. அவனையும் எவருக்கும் தெரியவில்லை. அண்ணன் பதற்றமில்லாமல் கதையைச் சொல்லி வருகிறார். பல்லவியில் தம்பியின் குரல் மேலே எழுந்து நெஞ்சை அறுக்கிறது. நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். பால்மரங்களும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயன்களும் இல்லை, எல்லாம் செம்பனை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே போனபோது, “யாரைத் தேடுகிறீர்கள்?” என்று மலாயில் கேட்டவர் வங்காளதேசத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி. நல்ல மனிதர், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு ஒருநாள் இந்தப் பாட்டைக் கேட்டபோது வேனைச் சாலையோரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

கார்ட்டர் 1966இல் இறந்துவிட்டார். அண்ணன் இல்லாமல் ரால்ஃப் எப்படிப் பாடினார் என்பதைக் கேட்கத்தான் இந்தத் தட்டு. முதன்மைக் குரலுக்கு ராய் லீ சென்டர்ஸ் என்பவரைச் சேர்த்திருக்கிறார். கார்ட்டரின் குரலுக்கு அவ்வளவு நெருக்கமான குரல் அது. சில வரிகளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே கென்டக்கியிலிருந்து வந்த இரண்டு விடலைப் பையன்கள்: கீத் விட்லி, ரிக்கி ஸ்காக்ஸ். பிற்காலத்தில் பெரிய நட்சத்திரங்களானார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு ரால்ஃப் தாமதமாக வந்தபோது, அவருடைய பாடல்களையே மேடையில் பாடிக்கொண்டிருந்த பையன்கள்தாம் அவர்கள்.

நான் முப்பது ஆண்டுகளாகத் தேவாலயப் பாடகர் குழுவில் அடித்தொனி பாடுகிறவன். எங்களுக்கு மெட்டு எப்போதும் பெண்களின் உச்சக் குரலில் இருக்கும். இந்த ப்ளூகிராஸ் பாடகர்களுக்கோ மெட்டு நடுவில் நிற்கிறது. டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல் அதற்கு மேலே ஏறி நிற்கிறது, பாரிடோன், பேஸ் என்ற தாழ்ந்த குரல்கள் கீழே தாங்குகின்றன. ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ தம் குழுவை நால்வராக நிறுத்திப் பக்திப் பாடல் பாடவைத்தபோது பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியமும் பிடிலும் ஒதுங்கின. மாண்டலின், கிதார் போன்றவை மட்டும் துணை நின்றன. பாஞ்சோவுக்கே பேர்போன ஏர்ல் ஸ்க்ரக்ஸும் பக்திப் பாட்டு வந்தால் அதைக் கீழே வைத்துவிட்டுக் கிதாரை எடுப்பார். சாமி பாட்டில் சொல் முன்னால் நிற்க வேண்டும் என்ற மரியாதையாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரால்ஃப் இன்னும் ஒரு படி போனார். அவர் வளர்ந்த பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபையில் வாத்தியமே கிடையாது. ஒருவர் வரியை எடுத்துக் கொடுப்பார், சபை பாடும். பாட்டுப் புத்தகம் அரிதாக இருந்த காலத்து வழக்கம். என் அப்பா தோட்டத்து ஜெபவீட்டில் உபதேசியாராக இருந்தார். புத்தகம் ஒன்றே ஒன்று. பால் வெட்டிவிட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அப்பா ஒரு வரி சொல்வார், அவர்கள் பாடுவார்கள், அடுத்த வரி சொல்வார். ரால்ஃபின் வர்ஜீனியா மலையிலும் இதே முறை என்று அறிந்தபோது அப்பா உயிரோடு இல்லையே என்று வருந்தினேன்.

இந்தத் தட்டில் ‘பிரைட் மார்னிங் ஸ்டார்’ என்ற பாட்டுக்கு வாத்தியம் இல்லை, குரல்கள் மட்டும். கொடுத்த பணம் இதற்கே தகும். மற்றவற்றில் ‘ஐ ஆம் த மேன், தாமஸ்’ எனக்கு மிகவும் பிடித்தது. வேகமான பாட்டுகள் சில அடுத்தடுத்து வரும்போது ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அதை ஒரு குறையாகவே சொல்கிறேன். இழைத்த மரம்போல வழவழப்பான சேர்ந்திசை வேண்டுபவர்கள் டாய்ல் லாசன் குழுவின் ‘ராக் மை சோல்’ (1981) வாங்கலாம். ரால்ஃபின் குரலில் சிராய் இருக்கும். அந்தக் குரலுக்குத்தான் 75 வயதில், வாத்தியம் இல்லாமல் பாடிய ஒரு பாட்டுக்காகக் கிராமி விருது கிடைத்தது.

போன ஞாயிறு அத்தையை வேனில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். முப்பது வருடம் பெரட்டில் (தோட்டத்தில் அதிகாலையில் ஆள்கணக்கு எடுப்பது) நின்று பால் வெட்டியவர், ஆங்கிலம் தெரியாது. குரல்கள் எழுந்ததும் என்ன பாடுகிறார்கள் என்று கேட்டார். விடிவெள்ளி முளைக்கிறதாம், நம் தகப்பன்மார் எங்கே என்று கேட்கிறார்கள், பள்ளத்தாக்கில் ஜெபம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பதில் வருகிறது என்றேன்.

“அதைப் பார்த்துத்தானே ஐயா, பெரட்டுக்குக் கிளம்புவோம்” என்றார். கோயில் வாசலில் வேனை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார்.