கும்பகோணத்துக்கு ரயிலா, பஸ்ஸா? கேமராவோடு ஊருக்குப் போகிறவன் கணக்கு

சென்னையிலிருந்து பகலில் ஊருக்குப் போக சோழன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இல்லையென்றால் பஸ். படம் எடுக்க ரயில்தான் வசதி என்பார்கள். சரிதான். ஜன்னல் கம்பிக்கு நடுவே லென்ஸை வைத்தால் கண்ணாடிப் பிரதிபலிப்புத் தொல்லை இல்லை. சிதம்பரம் தாண்டியதும் கொள்ளிடம் முழு அகலத்துக்கும் கிடைக்கும். ஆனால் நல்ல காட்சி வந்தால் வண்டி நமக்காக நிற்காது. ஷட்டர் வேகம் குறைந்தால் பக்கத்து வயல் வெறும் பச்சைத் தீற்றல்.

பஸ்ஸில் முதுகு போய்விடும். இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான். பண்ருட்டியில் இறங்கிவிட்டு அடுத்த பஸ் பிடிக்கலாம். போன முறை அங்கே ஓர் அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தார். "கேமராவ ஓரமா வைப்பா, மொதல்ல சாப்புடு" என்று சுளையைத் திணித்தார். பிசுபிசுத்த விரலோடு எடுத்த படத்தில் ஃபோகஸ் அவர் முகத்தில் இல்லை, கத்தியில் இருக்கிறது. அதைத்தான் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறேன்.

அப்புறம் அணைக்கரை. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை. சின்ன வயதில் அந்தக் குறுகல் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும். தண்ணீர் வாசனை முகத்தில் அடித்ததும் அப்பா பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.