ஈரல் புழுவுக்கு மருந்து என்று 8,400 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் மாடு வைத்திருக்கிறவர்கள் யாராவது போனிலேயே மாட்டு மருந்து வாங்கும் யோசனையில் இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். 8,400 ரூபாய் போச்சு. கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும்.

எங்கள் ஜெர்சி கிராஸ் பசு வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் மேய்கிற மாடு. பால் குறைந்தது, சாணி இளகியது, தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கியது. கால்நடை மருந்து விற்கும் ஓர் ஆப்பில் பேசினேன். பெயர் வேண்டாம், இந்த மாதிரி நிறைய இருக்கின்றன. வீடியோ காலில் 'டாக்டர்' வந்தார்.

"அண்ணா, கண்ணோட கீழ் இமையை இழுத்துக் காட்டுங்க" என்றார். காட்டினேன், வெளுத்துக் கிடந்தது. "ரத்தமே இல்லைங்ணா. ஈரல் புழுதான். தண்ணி நிக்கிற இடத்துல சின்ன நத்தை இருக்குமே, அதுக்குள்ள வளர்ந்து வெளிய வந்து புல்லுல ஒட்டிக்கும். மாடு அதைத் தின்னுடுது" என்றார். அத்தனையும் உண்மை! வயிற்றெரிச்சலே அங்கேதான். நோயைப் புட்டுப் புட்டு வைக்கிற ஆள் மருந்தை மட்டும் தப்பாகக் கொடுப்பான் என்று யாருக்குத் தோன்றும்? "மாட்டைக் காட்டு காட்டுன்னு சொல்றாரே, அவர் மூஞ்சியைக் காட்டலையே" என்று என் மனைவி மட்டும் முணுமுணுத்தாள்.

'முழு கோர்ஸ்' 8,400 ரூபாய். மாத்திரையும் நாலு பாட்டில் லிவர் டானிக்கும் வந்தன. கொடுத்தோம், வீக்கம் வற்றவில்லை. கேட்டால், புழு செத்து வெளியேற நாளாகுமாம். அப்புறம், டானிக்கை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று எங்களையே விசாரணை. அதற்கும் அப்புறம் ஒரு பெண், "கம்ப்ளெயின்ட் பதிஞ்சிருக்கு சார்" என்று வைத்துவிட்டாள். கடைசியில், சீல் உடைத்த மருந்துக்குப் பணம் திரும்பாதாம். சீலை உடைக்காமல் மாட்டின் வாயில் எப்படிப் போடுவது? அந்த டாக்டர் நம்பர் இப்போது ரிங்கே போவதில்லை.

மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை அட்டையைப் பார்த்ததுமே சொன்னார்: "இது ஐவர்மெக்டின். உருண்டைப் புழுவுக்கும் பேனுக்கும் கேட்கும். ஈரல்ல இருக்கிற தட்டைப் புழுவை ஒண்ணும் செய்யாது." சாணியைப் பரிசோதித்ததில் புழு முட்டை தெரிந்தது. எடையைக் கணக்குப் போட்டு டிரைக்ளாபெண்டசோல் கொடுத்தார். குஞ்சுப் புழு, வளர்ந்த புழு இரண்டையும் அது கொல்லுமாம். ஆக்சிகுளோசனைடு என்கிற இன்னொரு மருந்து என்றால் வளர்ந்ததை மட்டும்தான். இப்போது வீக்கம் இறங்குகிறது. பால் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை, ஈரல் ஆற வேண்டுமே. அந்த 8,400 ரூபாய்க்கு எத்தனை மூட்டை தீவனம் வாங்கியிருக்கலாம்!

என்ன செய்யலாம் என்று விவரமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், கறவைக்கு நேரமாகிவிட்டது. தாடை வீங்கினால் முதலில் சாணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புழு புதிதாகப் புகுந்திருந்தால் சாணியில் முட்டை தெரியாது, அதனால் மாட்டையும் காட்டுங்கள். அட்டையில் மருந்தின் பெயரைப் படியுங்கள், மாட்டுப் படத்தை நம்பாதீர்கள். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆப்காரன் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. நத்தை இருக்கிற வாய்க்காலில் மாட்டை விடாதீர்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.