விஸ்லரா, பான்ஃபா? பனிக்கணக்கை விட்டுவிட்டு மழை எந்த உயரம் வரை பெய்கிறது என்று பாருங்கள்

கனடாவின் மேற்கில் ஸ்கீ விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். வான்கூவரில் இறங்கி விஸ்லருக்குப் போவதா, கால்கரியில் இறங்கி பான்ஃப் பக்கம் போவதா? உடனே இரண்டு மலைகளிலும் வருடத்துக்கு எவ்வளவு பனி விழுகிறது என்று தேடுகிறார்கள். விஸ்லரில் சராசரியாக 10 மீட்டருக்கு மேல். பான்ஃப் பக்கத்து லேக் லூயிஸில் கிட்டத்தட்ட அதில் பாதி. விஸ்லருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது!

இந்தக் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த 10 மீட்டர் மலையின் மேல்பகுதியில் அளந்தது. நீங்கள் தங்கப்போகும் விஸ்லர் கிராமம் கடல் மட்டத்திலிருந்து 675 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பசிபிக் கடலும் பக்கத்தில். குளிர்காலம் முழுக்க அந்தக் கடலிலிருந்து ஈரக்காற்று அலையலையாக வந்து மலையில் மோதி மேலேறிக் கொட்டித் தீர்க்கிறது. கொட்டுவது பனியா மழையா என்பதை முடிவு செய்வது உறைமட்டம், அதாவது வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் உயரம். அதற்குக் கீழே 200, 300 மீட்டர் இறங்குவதற்குள் பனி உருகி மழையாகிவிடும்.

வானிலை அறிக்கையில் உறைமட்டம் 1,500 மீட்டர் என்று போட்டிருக்கும் ஒரு ஜனவரி நாளை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் கோண்டோலா எனும் கம்பிவடப் பெட்டியில் ஏறும்போது கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். முதல்முறை பழகுகிறவர்களை இறக்கிவிடும் ஒலிம்பிக் ஸ்டேஷன் 1,020 மீட்டரில் இருக்கிறது. அங்கேயும் மழைதான். இன்னும் ஏறினால் துளிகள் கனத்து, கூழாகிக் கண்ணாடியில் மெதுவாகச் சரியும். 1,850 மீட்டரில், ரவுண்ட்ஹவுஸ் எனும் மேல் நிலையத்தில் கதவு திறந்தால் முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி. ஒரே புயல், ஒரே மலை. மேலே இருப்பவருக்கு அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த நாள். கீழே பாடம் படிக்கும் குழந்தைக்குப் பதினோரு மணிக்குள் கையுறை வரை நனைந்துபோன நாள்.

இதில் இன்னொரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புயல் உச்சத்தில் இருக்கும்போது காற்றாலும், பனிச்சரிவு அபாயத்தைக் குறைக்க வெடி வைக்க வேண்டியிருப்பதாலும், மேல் லிஃப்டுகளைப் பல நேரம் திறக்க முடியாது. பனி விழும் பாதி மூடியிருக்கும், மழை பெய்யும் பாதி திறந்திருக்கும். அடுத்த நாள் குளிர் திரும்பினால் நனைந்த சரிவுகள் அப்படியே இறுகிக் கண்ணாடிப் பனியாகிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மழையைவிட அதுதான் ஆபத்து. ஹவாய் பக்கமிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று நேராக வந்து சேரும் 'பைன்ஆப்பிள் எக்ஸ்பிரஸ்' நாட்களில் உறைமட்டம் உச்சியையும் தாண்டிவிடும். அப்போது 2,182 மீட்டர் விஸ்லர் உச்சியிலும் மழைதான்.

நிறையப் பனி விழும் இடத்தில் மழை குறைவாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. கடலோர மலைகளில் அது செல்லாது. எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மவுண்ட் பேக்கரில், பசிபிக் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா நிலவிய 1998-99 பருவத்தில், 1,140 அங்குலம் பனி விழுந்தது. ஏறத்தாழ 29 மீட்டர், உலக சாதனை. அதே மலையில் நடுக்குளிர்காலத்தில் மழையும் பெய்யும். அள்ளிக் கொடுப்பதும் கெடுப்பதும் அதே கடல்தான்.

இப்போது பான்ஃபுக்கு வருவோம். பான்ஃபின் சன்ஷைன் ஸ்கீ தளத்தில் கிராமமே 2,160 மீட்டரில் இருக்கிறது. விஸ்லரின் உச்சி எங்கே முடிகிறதோ, கிட்டத்தட்ட அந்த உயரத்தில் சன்ஷைன் தொடங்குகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டில் இதைவிட முக்கியமான தகவல் வேறில்லை. லேக் லூயிஸின் அடிவாரமும் சுமார் 1,650 மீட்டர். போதாததற்கு, கடற்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் கடலோர மலைகளிலும் இடையிலுள்ள கொலம்பியா மலைகளிலும் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டுபோகிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே மழையைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இருக்காது. பனி கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தாலும், விழுந்தது விழுந்தபடி நிற்கும். கையில் அள்ளி உருண்டை பிடித்துப் பாருங்கள், பிடிபடாமல் உதிர்ந்துவிடும்.

அதற்கு விலை குளிர். வடக்கிலிருந்து ஆர்க்டிக் காற்று இறங்கினால் மைனஸ் 30 வரை போகும். லிஃப்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மூடாத கன்னம் வெள்ளையாகி மரத்துப்போகும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒவ்வொரு முறை மேலே போய்ச் சேர்ந்ததும் அவர்கள் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பனி மெல்லிசாக இருப்பதால் பாறையும் புதரும் தலைநீட்டும். மெல்லிய பனியும் கடுங்குளிரும் சேர்ந்தால் அடியடுக்கு சர்க்கரை போல ஒட்டாத மணிகளாகிவிடுகிறது. அதன்மேல் விழும் பனி வாரக்கணக்கில் சரியக் காத்திருக்கும். ஆகவே ஸ்கீ பகுதியின் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போகவே போகாதீர்கள்.

இரண்டு பக்கமும் ஒலிம்பிக் நடத்தியிருக்கின்றன, இரண்டையும் வானிலை பதம் பார்த்திருக்கிறது. 1988இல் கால்கரி விளையாட்டுகளுக்காக அந்நகருக்கு மேற்கே நகிஸ்கா மலையில் நடந்த ஆண்கள் டவுன்ஹில் (மலையிலிருந்து வேகமாக இறங்கும் ஸ்கீ) பந்தயத்தைப் பலத்த காற்று ஒரு நாள் தள்ளிவைத்தது. 2010இல் விஸ்லரில் அதே பந்தயம் வெதுவெதுப்பாலும் ஈரத்தாலும் இரண்டு நாள் தள்ளிப்போனது. இரண்டும் கடைசியில் நடந்த தேதி பிப்ரவரி 15! இரண்டிலும் தங்கம் வென்றவர்கள் சுவிஸ் வீரர்கள். அதே 2010இல் வான்கூவரை ஒட்டிய சைப்ரஸ் மலையில் பனி உருகிப்போய், லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனி கொண்டுவந்து சேர்த்தார்கள்.

என் தீர்ப்பு இதுதான். குழந்தைகளோடு, மாதக்கணக்கில் முன்பே தேதி குறித்துப் போகும் குடும்பத்துக்கு, அதுவும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் என்றால், பான்ஃப். கனமான ஜாக்கெட்டும் முகமூடியும் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாக ஸ்கீ தெரிந்து, உறைமட்டம் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கடைசி நேரத்தில் கிளம்ப முடிந்தவர்களுக்கு விஸ்லர். மேல்பகுதியில் குளிரான புயல் ஓய்ந்து லிஃப்ட் திறக்கும் காலைக்கு ஈடாக பான்ஃபில் எதுவும் இல்லை. விஸ்லருக்குப் போக கனத்தைவிட நீர்புகா ஜாக்கெட்டும் மாற்றுக் கையுறையும்தான் முக்கியம்.

இரண்டுக்கும் மனம் ஒப்பாதவர்கள் இரண்டுக்கும் நடுவே, கெலோனா நகருக்கு அருகிலுள்ள பிக் ஒயிட் மலையைப் பார்க்கலாம். கிராமம் சுமார் 1,750 மீட்டரில் இருப்பதால் மழை அபூர்வம், பான்ஃப் இருக்கும் ராக்கீஸ் மலைகள் அளவுக்குக் குளிரும் இருக்காது. மூடுபனி மட்டும் அடிக்கடி இறங்கும். அந்த நாட்களில் திறந்தவெளிச் சரிவுகளை விட்டு, மரங்களை ஒட்டிப் போகும் பாதைகளில் ஸ்கீ செய்யுங்கள்.